நெகட்டிவிலிருந்து மூன்று ப்ராக்கெட்: ஒரு ஷாட்கன் வீட்டு முகப்பைத் திரும்பக் கட்டியது

நியூ ஆர்லியன்ஸின் பழைய தெருக்களில் ஷாட்கன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். அகலம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி. நடுவில் நடைகூடம் கிடையாது; ரயில் பெட்டி கோத்த மாதிரி அறைக்குப் பின்னால் அறை. செங்கல் கால்களின் மேல், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி தூக்கிக் கட்டியிருப்பார்கள். இந்த வடிவத்தின் வேரைத் தேடிப் போன நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஜான் மைக்கேல் விளாக், ஹெய்ட்டி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா வீடுகள்வரை போனார். அதில் நியாயம் இருக்கிறது. 1809-இல் ஹெய்ட்டி அகதிகள் கியூபாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் இந்த ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஷாட்கனிலேயே ப்ராக்கெட் ஷாட்கன் என்று ஒரு வகை உண்டு. 1880-களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மரமில்கள் போட்டி போட்டுக்கொண்டு அலங்கார மரவேலையை அறுத்துத் தள்ளிய காலத்தின் பிள்ளை அது. முன்கூரை மூன்று நாலு அடி வெளியே நீண்டிருக்கும். தூண் இருக்காது. சுவரிலிருந்து கிளம்பும் சுருள்வேலை ப்ராக்கெட்டுகள் கூரையை ஏந்தி நிற்பதுபோல் தெரியும்.

நான் கைவைத்த வீட்டில் அந்த ப்ராக்கெட்டுகள் மூன்றுமே இல்லை. யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, கீழே சிமெண்ட் தளம் போட்டு, இரண்டு இரும்புத் தூண்களை நட்டிருந்தார்கள். இந்த ஊரில் பல வீடுகளுக்கு நேர்ந்த கதிதான். வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர். அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர். முன்பக்கம் பழையபடி வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு வார இறுதித் தச்சுவேலையும், பழைய புகைப்படங்களைத் தோண்டும் பழக்கமும் உண்டு. இரண்டும் ஒரே வேலையில் சேர்ந்து வரும்போது விடுவேனா?

பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பில் ஆணி அடிப்பதற்கே அனுமதி வேண்டும். மறுசீரமைப்புக்கான அமெரிக்க உள்துறைச் செயலரின் விதிகளில் ஆறாவது விதி இதைத்தான் பேசுகிறது: காணாமல்போன உறுப்பைப் புதிதாகச் செய்து வைப்பதென்றால் ஆவணம், கட்டடத்தில் எஞ்சிய தடயம், படம் இவற்றில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற அழகான ப்ராக்கெட்டை வாங்கி மாட்டினால் அது அலங்காரம், மறுசீரமைப்பு இல்லை. எனக்கும் அந்த விதி பிடிக்கும்.

ஆகவே முதலில் படம் தேட வேண்டும்.

தென் மாநிலங்களின் பழைய வீடுகளுக்குப் படம் தேடுகிறவர்களுக்கு இரண்டு பெரிய களஞ்சியங்கள் உண்டு. இரண்டும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1933-இல் தேசியப் பூங்காத் துறையிலிருந்த சார்லஸ் பீட்டர்சன், பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து நின்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுக்க வைக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். ஹாப்ஸ் என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் தேசியக் கட்டடப் பதிவு அதிலிருந்து பிறந்தது. லூசியானாவில் அதை நடத்திய ரிச்சர்ட் கோக் கட்டடக் கலைஞர், நல்ல கேமராக்காரரும்கூட. இன்னொரு களஞ்சியம் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் எடுத்தது. 1864-இல் பிறந்த அந்த அம்மா, எழுபது வயதையொட்டிய பருவத்தில், கார்னகி நிதியுதவியோடு தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றி 7,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கடைசிக் காலத்தில் நியூ ஆர்லியன்ஸிலேயே தங்கி, 1952-இல் இங்கேயே காலமானார். லூசியானாவின் பெல் குரோவ் மாளிகை அதே 1952-இல்தான் தீயில் போனது. இன்று அதன் உள்வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் எடுத்தவை போன்ற படங்களைத்தான் நாட வேண்டும்.

படத்தின் தரத்தைச் சொல்ல வேண்டும். இவை பெரிய நெகட்டிவ்கள். டிஃப் என்ற உயர்தரப் படக்கோப்பை இறக்கிப் பெரிதாக்கினால் கதவுக் கீலின் திருகாணிவரை தெரியும். இவற்றை எடுத்த பெரிய வியூ கேமராவில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே தூக்கலாம். அதனால் சுவர்கள் பின்னால் சாய்ந்த மாதிரி விழாமல் செங்குத்தாகவே நிற்கும். வீட்டுக்கு நேரெதிரே நின்று எடுத்த நேர்முகப் படமாக இருந்தால் ஏறக்குறைய ஒரு வரைபடம்தான். பல ஹாப்ஸ் படங்களில் சுவரோரம் ஓர் அளவுகோலையும் நிறுத்தியிருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த அளவுகோல் சொல்லும் கணக்கு அது நிற்கிற தளத்துக்கு மட்டும்தான். கேமரா சுவரிலிருந்து 40 அடி தள்ளி இருக்கிறது, முன்கூரையின் விளிம்பு சுவரிலிருந்து மூன்றரை அடி முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கேமராவுக்கு 36½ அடியில் இருப்பதால் சுவரைவிட ஒன்பது பத்து சதவீதம் பெரிதாக விழும். சுவரின் கணக்கை வைத்து விளிம்பை அளந்தால் 36 அங்குலப் பலகை 39½ அங்குலமாகத் தெரியும். வராந்தா, தூண், கைப்பிடிச்சுவர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சரி, இவ்வளவு படங்களில் எங்கள் வீடு இருந்ததா? இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தக் காலக் கேமராக்களின் கண் பெரும்பாலும் வெள்ளைத் தூண் மாளிகைகள் மேலேயே இருந்தது. அந்த மாளிகைகளுக்குச் செங்கல் சுட்டவர்கள், மரம் இழைத்தவர்கள் அடிமைகளாக இருந்த மக்கள். அவர்களுடைய குடியிருப்புகளும் பதிவானதுண்டு, ஆனால் சிறிய பங்குதான். தொழிலாளிகள் குடியிருந்த ஷாட்கன் வீட்டை 1930-களில் யார் பழமை என்று மதித்தார்கள்? அப்போது அதற்கு முப்பது நாற்பது வயதுதானே. இருந்தாலும் அந்தத் தொகுப்புகளைப் பார்த்தது வீண் இல்லை. தெருக்காட்சிப் படங்களின் ஓரங்களில் சிக்கிய ப்ராக்கெட் வீடுகளிலிருந்து, ப்ராக்கெட்டின் மேல்நுனி முன்கூரையின் விளிம்புப் பலகையை எப்படித் தொடுகிறது, கடைசல் தொங்கல் (கடைந்தெடுத்துக் கீழ்நோக்கித் தொங்கவிடும் அலங்காரக் குமிழ்) எங்கே வருகிறது என்ற இலக்கணம் பிடிபட்டது.

வீட்டின் வயதுக்கு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உதவின. மரக் கட்டடம் மஞ்சள், செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு என்று வண்ணமிட்டு, மனை மனையாக வரைந்த தாள்கள் அவை. 1895-96 தாளில் எங்கள் மனை காலி. 1908-09 தாளில் மஞ்சளில் ஒடுக்கமான நீள்சதுரம் ஒன்று வந்துவிட்டது. தெருப்பக்கம் புள்ளிக்கோட்டில் முன்கூரை. சுவரில் கிடைத்த ஆணித் துண்டுகள் எல்லாம் வட்டக் கம்பி ஆணிகள், அதற்கு முந்தைய காலத்துப் பட்டை ஆணி ஒன்றுகூட இல்லை என்பதும் இந்தக் காலத்தோடு ஒத்துப்போனது.

வேண்டிய படம் கடைசியில் வீட்டுக்குள்ளேயே, வீட்டுக்காரம்மாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அவருடைய சித்தி வெள்ளை உடுப்பில், உறவுக்காரர்கள் சூழ, வாசலில் நிற்கும் ஈஸ்டர் படம். பின்னால் பென்சிலில் 1947. எடுத்தவர் தெருவின் எதிர்ப்புறத்தில் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நின்றிருக்கிறார். அதனால் முகப்பும் தெரிகிறது, இடது பக்கச்சுவரும் தெரிகிறது, இடதுகோடி ப்ராக்கெட் ஏறக்குறைய முழுசாகத் தெரிகிறது. ப்ராக்கெட் சுவருக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கிற பொருள். நேர்முகப் படத்தில் அதன் விளிம்பு மட்டும், மூன்றரை அங்குலக் கட்டையாக விழும். வளைவு எதுவும் தெரியாது. சாய்வாக எடுத்த குடும்பப்படம்தான் இதற்கு உதவும்.

படத்தோடு உறையில் நெகட்டிவும் இருந்தது. 616 சுருள், இரண்டரைக்கு நாலேகால் அங்குலம். பழைய நெகட்டிவைக் கையில் எடுத்ததும் ஓரத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். இதில் கோடாக் வெரிக்ரோம் என்றும் சேஃப்டி என்றும் இருந்தது. 1950-களுக்கு முந்தைய சுருளில் சேஃப்டி என்ற சொல் இல்லையென்றால் அதை நைட்ரேட் என்றே வைத்துக்கொண்டு, வெக்கை படாத இடத்தில் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும். காற்றுப்பந்தால் தூசியை ஊதிவிட்டு, நெகட்டிவ் வெளிச்சம் உள்ள தட்டை ஸ்கேனரில் 2400 டிபிஐ-யில் எடுத்தேன். அச்சுப் படத்தில் கறுப்புத் திட்டாக இருந்த கூரையடி நிழலுக்குள் நெகட்டிவ் நிறைய வைத்திருந்தது.

இனி அளவு எடுப்பது. இடதுகோடி ப்ராக்கெட் வீட்டின் இடது பக்கச்சுவரின் நீட்சியில், ஏறக்குறைய அதே தளத்தில் நிற்கிறது. பக்கச்சுவர் இன்றும் அப்படியே இருக்கிறது: அதே பலகைகள், அதே சன்னல். ஆகவே அந்தச் சுவரை இன்று டேப் வைத்து அளந்து, படத்தில் அதே சுவரை நேராக்கினால், கூடவே ப்ராக்கெட்டும் நேராகிவிடும். மூலைப்பலகையின் மேல்முனை, கீழ்முனை, முதல் சன்னல் சட்டத்தின் மேல், கீழ் மூலைகள் என நாலு புள்ளிகளை எடுத்துக்கொண்டேன். சாதாரணக் கேமரா என்பதால் ஓரத்துப் பலகைக் கோடுகள் லேசாக வில்போல் வளைந்திருந்தன. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் முதலில் லென்ஸ் வளைவை எடுத்துவிட்டு, கோடுகள் நேரானதும்தான் கோணத் திருத்தத்துக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் பிழை உள்ளே மறைந்துகொள்ளும்.

நாலு புள்ளிகளும் மூலையிலும் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன, ப்ராக்கெட் மூலைக்கு முன்னால் இருக்கிறது. கட்டத்துக்கு வெளியே கணக்கை நீட்டுகிறோம். பிழை போகப் போக வளரும். சரிபார்க்க இரண்டு அளவுகள் கையில் இருந்தன. ஒன்று, முன்கூரை சுவரிலிருந்து நீளும் தூரம், 42 அங்குலம், அது மாறவில்லை. மற்றொன்று, சுவரில் ப்ராக்கெட் விட்டுப்போன தழும்பு. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், அடுக்கடுக்காய்ப் பூசிய பெயிண்ட் ப்ராக்கெட்டின் ஓரத்தில் வந்து முட்டி நின்ற மேடு மெல்லிய கோடாகத் தெரிந்தது. உயரம் 46 அங்குலம், அகலம் மூன்றரை. திருத்திய படத்திலிருந்து எடுத்த அளவுகள் இரண்டோடும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போயின. மரவேலைக்கு அது போதும். சுருளின் வடிவத்தைப் படம் தரட்டும், மொத்த உயரத்தையும் நீட்டத்தையும் தழும்பு தீர்மானிக்கட்டும் என்று பிரித்துக்கொண்டேன்.

துளைவேலையில்தான் சந்தேகம். ப்ராக்கெட்டின் நடுவில் இலை வடிவில் ஒரு கறுப்பு. அது குடைந்த துளையா, மேலே ஒட்டிய இலையின் நிழலா? பதிலைச் சூரியன் கொடுத்திருந்தது. வெயில் இடதுபுறத்திலிருந்து விழுந்ததால் ப்ராக்கெட்டின் நிழல் முகப்புச் சுவர்மேல் சாய்ந்து படிந்திருக்கிறது, அந்த நிழலின் நடுவே இலை அளவுக்கு வெளிச்சத் திட்டு! ஒளி ஊடுருவிப் போயிருக்கிறது, ஆகவே துளைதான். கீழ்ச்சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டத் துளை இருப்பதும் நிழலில்தான் தெரிந்தது. ப்ராக்கெட்டில் அந்த இடத்தை ஒரு மாமாவின் தொப்பி மறைத்திருந்தது. பழைய படத்தில் பொருளைப் பார்த்த பிறகு அதன் நிழலையும் தனியாகப் பாருங்கள். இன்னொரு கோணத்தில் எடுத்த படம் இலவசமாகக் கிடைத்ததற்குச் சமம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இதே மில் வடிவ ப்ராக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, பழுப்புத்தாளை மேலே வைத்துக் கிரேயானால் தேய்த்துப் படியெடுத்தேன். வெளிவளைவு எங்கள் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. தொங்கல் மட்டும் வேறு: அவருடையது உருண்டை, எங்கள் படத்தில் கூம்பு. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது கறுப்பாக இருக்கத் தேவையில்லை. அந்தக் கால வெரிக்ரோம் சிவப்பை உணராத ஃபிலிம். சிவப்பு அதில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். படத்தில் கதவு கன்னங்கரேல், முன்கூரையின் அடிப்பலகை பளிச்சென்று வெள்ளை. கதவின் ஓரத்தில் உப்புத்தாளால் காசளவு குழி தேய்த்து அடுக்குகளை வளையம் வளையமாக வெளியே கொண்டுவந்தால் அடியில் செங்காவிச் சிவப்பு. அடிப்பலகையில் அதே மாதிரி தேய்த்தபோது வெளிர்நீலம். தாழ்வாரக் கூரைக்கு வெளிர்நீலம் பூசுவது தென் மாநிலங்களில் பரவலான வழக்கம். கரோலினா, ஜார்ஜியா கடற்கரையின் கல்லா கீச்சி எனப்படும் கறுப்பின மக்கள் அது ஆவிகளை அண்டவிடாது என்று நம்பினார்கள். படத்தை மட்டும் பார்த்திருந்தால் வெள்ளை என்று எழுதி வைத்திருப்போம்.

தேய்ப்பதற்கு முன் ஒன்று: 1978-க்கு முந்தைய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சோதனைக் குச்சி உடனே சிவந்தது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மேலே ஈரம் தெளித்துச் சுரண்டல், முகத்தில் பி100 வடிகட்டி போட்ட மாஸ்க், முடிவில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வேக்குவம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

மரம் சைப்ரஸ். இன்றைய தோட்டத்துச் சைப்ரஸ் வேண்டாம். ஃபார்மோசா கறையான் அதை அப்பளமாக்கிவிடும். இடித்த கொட்டகை ஒன்றின் உத்தரங்களை வாங்கி, மெட்டல் டிடெக்டர் வைத்து உள்ளே புதைந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இழைத்தேன். அங்குலத்துக்குள் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமான வளையங்கள். இழைப்புளி போகும்போது இன்னும் வாசனை வருகிறது.

ஒரே கட்டையில் அறுத்தால் சுருளின் நுனியில் மர ரேகை குறுக்கே போகும், லேசாகத் தட்டினாலே உடையும். அதனால் மூன்று அடுக்கு: நடுவில் ஒன்றரை அங்குலம், இருபுறமும் ஒவ்வொரு அங்குலம், மொத்தம் மூன்றரை. நடு அடுக்கின் ரேகையைக் குறுக்குச்சாய்வாகத் திருப்பி எபாக்சியால் ஒட்டியதும் நுனிக்குப் பலம் வந்துவிட்டது. ஹார்ட்போர்டில் டெம்ப்ளேட். வெளிவளைவுக்குப் பேண்ட்சாவில் கால் அங்குலப் பிளேடு, பிறகு பேரிங் வைத்த ரூட்டர் பிட். துளைகளுக்கு டிரில் போட்டு ஜிக்சாவை உள்ளே விட்டேன். ரூட்டர் எட்டாத கூர்மூலைகளை உளியும் அரைவட்ட அரமும் பார்த்துக்கொண்டன. கூர்விளிம்புகளை உப்புத்தாளால் ஒரு இழுப்பு மழுக்கிவிட வேண்டும். கூரிய முனையில் பெயிண்ட் நிற்காது. ஒட்டுமுகம், வெட்டுமுகம் எல்லாவற்றுக்கும் மாட்டுவதற்கு முன்பே ஆயில் பிரைமர்.

மாட்டும் நாளில் முதல் கேள்வி, இரும்புத் தூண்கள் பாரம் தாங்குகின்றனவா என்பது. முன்கூரையின் சட்டங்கள் உள்ளே உத்தரம்வரை ஓடுகின்றன என்று பரணில் ஏறிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இருபுறமும் ஸ்க்ரூ ஜாக்கியில் முட்டுக்கொடுத்த பிறகுதான் தூணை அறுத்தேன். விளிம்பில் நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு தொய்வு. ஜாக்கியை ஒரேயடியாகத் திருகக் கூடாது. பழைய மரம் மெதுவாகத்தான் இசையும். ஒருவழியாக நூல் நேரானது. சுவரில் பழைய ஆணித் துண்டுகள் இருந்த அதே உயரங்களில் உள்ளே குறுக்குக்கட்டைகள் இருந்தன. நீளத் திருகாணியை அங்கேயே இறக்கி, தலையை மரக்குமிழால் மூடினேன். ப்ராக்கெட்டுக்கும் சுவருக்கும் இடையில் மேலேயும் பக்கங்களிலும் இடுக்கை அடைக்கும் கால்க் பசை போட்டேன். அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது. உள்ளே புகும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

நடு ப்ராக்கெட்டுக்குப் படத்தில் ஆதாரம் இல்லை. சித்தியும் உறவினர்களும் அதற்கு முன்னால் நிற்கிறார்கள், தொங்கலின் கூம்பு முனை மட்டும் ஒருவர் தலைக்கு மேல் எட்டிப்பார்க்கிறது. சுவர்த்தழும்பு மற்ற இரண்டோடும் ஒத்திருந்ததால் அதே வடிவத்தில் செய்தோம். ஆனால் அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் இடதுகோடி ப்ராக்கெட்டை முழுக்கோட்டிலும், படத்தில் சரியாகத் தெரியாத மற்ற இரண்டையும் ஊகம் என்ற குறிப்போடு புள்ளிக்கோட்டிலும் போட்டேன். நாளைக்கு வேறு கோணத்தில் எடுத்த படம் யார் வீட்டு டப்பாவிலிருந்தாவது கிளம்பலாம்.

ஹார்ட்போர்டு டெம்ப்ளேட் இப்போது இரண்டு தெரு தள்ளி இருப்பவரின் கொட்டகையில். அவருடைய கோடி ப்ராக்கெட் ஒன்று அடியில் உளுத்துவிட்டது. வெளிவளைவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், தொங்கலை மட்டும் உங்கள் வீட்டு உருண்டையைப் பார்த்தே கடையுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.